ஓடும் விசிறியும் மார்க்கேரியன் 421ம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

அடையாறில் காலை எட்டு மணிக்கே வேர்த்துக் கொட்டுகிறது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு மார்க்கேரியன் 421 கிடைத்திருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தில், ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள பிளேசார் வகை விண்மீன் மண்டலம். அதன் நடுவிலிருக்கும் கருந்துளையிலிருந்து பீறிடும் துகள் கற்றை (ஜெட்) கிட்டத்தட்ட நம்மைப் பார்த்தே பாய்கிறது. எக்ஸ்ரேயை அளக்கும் ஐக்ஸ்பி செயற்கைக்கோள் 2022 ஜூன் 4 முதல் 9 வரை இரண்டு தவணையாக எடுத்த தரவை நாசா காப்பகத்திலிருந்து இறக்கினேன். "பேப்பர் எதையும் படிக்காதே, முதலில் நீயே கணக்கிடு" என்றார் சார்.

ஜூன் 5

"எக்ஸ்ரேயா? யாருக்குடி உடம்பு சரியில்லை?" என்றாள் அம்மா. போலரைசேஷன் (பிளஸ் டூ புத்தகத்தில் 'தளவிளைவு', அதாவது ஒளியின் மின்புலம் ஒரே திசையில் அதிர்வது) என்று ஆரம்பித்ததும் சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். எக்ஸ்ரே போட்டான் கருவியிலுள்ள வாயுவில் மோதி ஒரு எலக்ட்ரானைத் தெறிக்க வைக்கும். போட்டானின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறதோ, அந்தப் பக்கமே எலக்ட்ரான் அதிகம் ஓடும். ஒரு தடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் சேர வேண்டும்.

ஜூன் 6

போலரைசேஷன் எத்தனை சதவீதம்? விடை: பூஜ்யம். அதே மாதிரிப் பொருள்களில் 10 சதவீதம், அதற்கு மேலும்கூட வருமே!

"உன் புரோகிராம் கோடில் தப்பிருக்கானு பாரு" என்றார் சார். இரண்டு முறை பார்த்தாயிற்று. இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் கரண்ட் போனது. படுத்தபடி விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடும்போது வெறும் வட்டமாகத் தெரிந்தது, வேகம் குறையக் குறைய ஒவ்வொரு இறக்கையாகப் பிரிந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் அத்தனை நாள் தரவையும் ஒன்றாகக் கூட்டியிருக்கிறேன். அதிர்வின் திசை சுற்றிக்கொண்டே இருந்தால், கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுமே?

லேப்டாப்பில் சார்ஜ் 11 சதவீதம். சரி, காத்திருப்போம்.

ஜூன் 9

ரொம்பப் பொடியாக வெட்டினால் போட்டான் போதாது. சில மணி நேரத் துண்டுகளாக வெட்டினேன். சுற்றுகிறது! முதல் தவணையில் நாளுக்குச் சுமார் 80 டிகிரி, இரண்டாவதில் 90க்குப் பக்கம். சுழற்சியைக் கழித்தால் பூஜ்யம் போய் 10 சதவீதம் வருகிறது.

சார் சிரித்தார். 2023இலேயே இதே முடிவு நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்துவிட்டதாம். ஜெட்டில் காந்தப்புலம் திருகுசுருளாக இருக்கிறது, அதிர்ச்சி அலை அதன் வழியே நகர்கிறது என்பது அந்தப் பேப்பரை எழுதியவர்களின் விளக்கம். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம், மனிதர்!

ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அகச்சிவப்பு, ரேடியோ எதிலும் இந்தச் சுழற்சி இல்லை. எக்ஸ்ரே, அதிர்ச்சி அலையில் அப்போதுதான் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களிடமிருந்து வருவது. அவை ஆற்றல் குறைந்து பரவிய பிறகுதான் மற்ற ஒளி. அடுத்த வாரம் அந்தப் பக்கம்.