குலுக்கலில் போகும் காசும் அலமாரியில் நிற்கும் கருவியும்

கேம் விளையாட்டுகளுக்குச் செலவு செய்வதைக் குறைசொல்லும் ஆள் நான் அல்லன். பழைய கேம் கருவிகளைச் சேர்ப்பவன் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு. சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவையில் இருக்கும் என் அக்கா மகன், விளையாட்டுக் குலுக்கலில் அவன் போடும் காசைப் பற்றி நான் பேசியபோது, "நீங்க மட்டும் செலவு பண்ணலையா மாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு செலவும் ஒன்றல்ல என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

அவன் விளையாடுவது 2020இல் வெளிவந்த கென்ஷின் இம்பாக்ட். அதில் புதுப் பாத்திரங்களை, அதாவது ஆட்டத்தில் வரும் வீரர்களை, சீட்டுக் குலுக்குவதுபோல் அதிர்ஷ்டத்தில்தான் பெற வேண்டும். ஒரு குலுக்கலுக்கு விளையாட்டுக்குள் பணமாகப் பயன்படும் 160 கற்கள் வேண்டும். மிக அரிதான ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழுவதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90ஆவது குலுக்கலுக்குள் ஐந்து நட்சத்திரம் ஒன்று கட்டாயம் வரும் என்றாலும், அது நாம் ஆசைப்பட்ட பாத்திரமாகத்தான் இருக்கும் என்பதில்லை என்பதால், கெட்ட நேரமாக இருந்தால் 180 வரை இழுத்துவிடும். 99.99 அமெரிக்க டாலர் பொதியில் 6,480 கற்களும் வழக்கமாகச் சேரும் 1,600 கற்களும், அதாவது ஐம்பதே குலுக்கல்கள். இலவசக் கற்களையும் முதல்முறைச் சலுகையையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், கெட்ட நேரத்தில் ஒரே பாத்திரத்துக்கு நான்கு பொதிகள், ஏறத்தாழ நானூறு டாலர் போய்விடும். அப்படிக் கிடைத்ததையும் விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. நிறுவனம் சேவையகத்தை மூடும் நாளில் அதுவும் போய்விடும். இத்தகைய குலுக்கல்களில் ஒருவகையை ஜப்பான் 2012இலேயே தடுத்தது. 2018இல் பெல்ஜியம் சில விளையாட்டுகளில் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

பழைய கருவி கையில் இருக்கும், பழுதானால் திறந்து பார்க்கலாம். 1999இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கோல்டு விளையாட்டின் கேட்ரிட்ஜை, அதாவது கருவியில் செருகும் விளையாட்டுப் பேழையை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் இடைவிடாமல் ஓடுவதால் பேட்டரி தீர்ந்துபோகும், அதோடு சேமித்த ஆட்டமும் அழியும். 3.8 மில்லிமீட்டர் தனிவகைத் திருப்புளியால் பின்பக்கத் திருகைக் கழற்றி, ஈயத்தால் பற்றவைத்திருக்கும் சிஆர்2025 பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தால் கேட்ரிட்ஜ் மறுபடி ஆட்டத்தைச் சேமிக்கத் தொடங்கும். அந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் நிறைவை எந்தக் குலுக்கலும் தந்ததில்லை.

இதிலும் தொல்லைகள் உண்டு. ஜப்பானியக் கருவிகள் 100 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும், ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் உலோக முனைகள் கறுக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் இடத்துக்கு எங்கே போவது என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பதும் சரியே. பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்பட்ட பிறகு, பொருளைத் தொட்டுப் பார்த்துப் பேரம் பேசும் வாய்ப்பும் குறைந்து, பெரும்பாலும் கரோசல் என்ற இணையச் சந்தையில் படத்தை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

உறை பிரிக்காத பெட்டிகளை விலையேற்றத்துக்காகவே வாங்கி அடுக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2021இல் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. விளையாடாமல் பூட்டிவைத்த விளையாட்டும் ஒருவகைக் குலுக்கல் சீட்டுதான்.

அக்கா மகனிடம் கென்ஷினை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அதே விளையாட்டில் 4.99 டாலர் மாதச் சலுகை ஒன்று இருக்கிறது. 30 நாளும் தவறாமல் உள்ளே போனால் மொத்தம் 3,000 கற்கள் சேரும். பெரிய பொதியை விட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள் என்றுதான் சொன்னேன்.