அரீத்தாவின் இடக்கை

காலைப் பிரார்த்தனையில் பாமாலை பாடி வளர்ந்தவர்கள் நாங்கள். நாலு குரலுக்கும் அச்சில் என்ன இருந்ததோ அதுதான் மண்டபத்துப் பியானோவில் வரும். ஒரு சுரம் கூடாது, குறையாது. அதே பாமாலைகளில் சிலவற்றை டெட்ரோயிட்டின் கறுப்பினப் பப்டிஸ்ற் சபைகளிலும் பாடினார்கள். அங்கே புத்தகம் பெரும்பாலும் மூடியே கிடந்தது.

ரொறன்ரோவிலிருந்து நாலு மணித்தியால ஓட்டத்தில் விண்ட்சர். ஆற்றுக்கு அக்கரை டெட்ரோயிட். அந்தக் கரையோரத்தில் வெள்ளைக் கூடாரக் கூரை போட்ட திறந்தவெளி அரங்கு ஒன்று உண்டு. 2018இல் அதற்கு அமெரிக்கப் பாடகி அரீத்தா பிராங்ளின் பெயரை வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் எல்லோரும் குரலைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்தக் குரல் விளங்குவதற்கு முதலில் அவருடைய இடக்கையைக் கேட்க வேண்டும்.

1942 மார்ச் 25 அன்று மெம்பிஸில் பிறந்தவர். தகப்பன் சி. எல். பிராங்ளின் போதகர், அவருடைய பிரசங்கங்களே இசைத்தட்டாக வந்து விற்றன. தாய் பார்பரா பாடுவார், பியானோவும் வாசிப்பார். மகளுக்குப் பத்து வயது நிரம்ப மூன்று கிழமைகூட இல்லாத நேரத்தில் அவர் இறந்துபோனார். தகப்பனின் நியூ பெத்தேல் சபை அப்போது ஹேஸ்டிங்ஸ் தெருவில் இருந்தது. பிறகு அந்தத் தெருவையே இடித்து நெடுஞ்சாலை போட்டார்கள். சபை லின்வூட் வீதிக்குப் போனது. வீட்டுக்கு மஹாலியா ஜாக்சன், கிளாரா வார்ட், ஜேம்ஸ் கிளீவ்லண்ட் என்று பெயர்பெற்ற சபைப் பாடகர்கள் எல்லோரும் வந்து போனார்கள். பிள்ளை பியானோ பழகியது காதால். 1956இல், பதினாலு வயதில், சபையிலேயே வைத்து அவருடைய முதல் பாட்டுகளைப் பதிந்தார்கள்.

அந்தச் சபைப் பியானோ எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். சி சுருதியில் ஒரு பாமாலை என்று வையுங்கள். முடிவில் ‘ஆமென்’ சொல்லும் இடத்தில் நாங்கள் எஃப் கோர்டிலிருந்து (கோர்ட் என்றால் சேர்த்து ஒலிக்கும் சுரங்கள்) சி கோர்டுக்கு நேரே இறங்குவோம். இரண்டு கோர்ட், அலுவல் முடிந்தது. சபைப் பியானோக்காரர் இரண்டுக்கும் நடுவில் பாதை போடுவார்: எஃப், எஃப் ஷார்ப் டிமினிஷ், அடியில் ஜி வைத்த சி, பிறகு ஏ7, டி7, ஜி7, கடைசியில் சி. இடக்கையை மட்டும் தனியே வாசித்துப் பாருங்கள். எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஏ என்று படியேறி, டி, ஜி என்று தாவி, சியில் வந்து குந்தும். தாளம் திஸ்ர நடை. நாலு அடி, அடிக்கு ஒரு தகிட. வலக்கை அந்தத் தகிடவை மூன்று சுரக் கோர்டாக மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கும்.

இதை வீட்டில் முயல்கிறவர்களுக்கு வழமையாக மூன்று இடங்களில் பிழைக்கும். முதலாவது, இடக்கையில் முழுக் கோர்டையும் கீழ் ஸ்தாயியில் நெருக்கிப் பிடிப்பது. அந்த ஆழத்தில் கிட்டக் கிட்ட இருக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று மோதி உறுமும். ஒரே சுரத்தை மேலும் கீழுமாக இரண்டு ஸ்தாயியில் பிடித்தால் போதும். இரண்டாவது, ஒலியை நீட்டும் கால் பெடல். கோர்ட் மாறும்போது காலை எடுக்காவிட்டால் எஃப், எஃப் ஷார்ப், ஜி மூன்றும் சேர்ந்து ஒலித்து, படியேறியது ஒன்றும் காதில் விழாது. மூன்றாவதுதான் பெரிய பிழை: குரல் போகும்போதே வலக்கையும் அலங்காரம் செய்வது. குரல் ஓயும் இடத்தில்தான் பியானோ பேச வேண்டும். போதகர் ஒரு வசனம் சொல்ல, சபை பதில் சொல்லும் முறை அது. அரீத்தாவுக்குப் போதகரும் சபையும் ஒரே ஆள். வசனம் வாயில், பதில் கையில். ஒரு எழுத்தை ஐந்தாறு சுரத்துக்கு இழுத்து, கமகம் போல வளைத்து, அடுத்த கோர்டைத் தான் நினைத்த நேரம் வரைக்கும் பிடித்துவைக்கலாம். வேறொருவர் வாசித்தால் கண் காட்டவேண்டும், தலையாட்டவேண்டும், அல்லது எண்ணிப் பாடவேண்டும்.

1960இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜோன் ஹாமண்ட் அவரைக் கொலம்பியா நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்தார். அங்கே கழிந்த ஆறு வருடங்களையும் வீண் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் தட்டுகளில் அவர் பியானோ வாசிக்கிறார், நன்றாகவே இருக்கிறது. போகப்போக வயலின் கூட்டமும் பழைய மேடைப் பாட்டுகளும் சேர்ந்து பியானோவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன.

பிறகு சேர்ந்த அட்லாண்டிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் செய்த முக்கியமான வேலை, அவரைத் திரும்பவும் பியானோ முன் இருத்தியதுதான். 1967 ஜனவரி 24, அலபாமாவின் மசில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் கலையகம். அன்று பியானோவுக்கு ஏற்பாடானவர் ஸ்பூனர் ஓல்டம். அரீத்தா வந்து அமர்ந்து ஒரு கோர்ட் வாசித்ததும் அவர் தானாகவே விலகி வுர்லிட்சர் மின்பியானோவுக்குப் போய்விட்டார். பாட்டின் நடை பிடிபடாமல் எல்லோரும் தடவிக்கொண்டிருந்தபோது, அந்த வுர்லிட்சரில் ஓல்டம் கண்டுபிடித்த சிறு சுற்றுத்தான் ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’ பாட்டின் தொடக்கம். அன்றைக்கே குடியும் வாக்குவாதமும் முற்றி, அரீத்தாவின் கணவரும் ஊதுகருவிக்காரர் ஒருவரும் மோதி, பதிவு ஒரே நாளில் கலைந்தது. கையில் முடிந்த பாட்டு ஒன்று, இரண்டாவது அரைகுறை. வெக்ஸ்லர் முதல் பாட்டை வானொலிகளுக்குக் கொடுத்துவிட்டார், கேட்டவர்கள் தட்டு எங்கே என்கிறார்கள், மறுபக்கத்துக்குப் பாட்டு இல்லை! பிறகு நியூயோர்க்கில் அரீத்தாவே பியானோவும் ஓர்கனும் மேலே பதிந்து, சகோதரிகள் கரோலினும் எர்மாவும் பின்பாட்டுப் பாடித்தான் அந்த இரண்டாவது பாட்டு நிறைவானது.

பெப்ரவரி 14 அன்று நியூயோர்க்கில் ‘ரெஸ்பெக்ட்’. 1965இல் ஓட்டிஸ் ரெடிங் எழுதிப் பாடியது. ‘R-E-S-P-E-C-T’ என்று எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடம் ரெடிங்கின் பதிவில் இல்லை. நடுவில் கிங் கேர்ட்டிஸின் சாக்ஸபோன் வரும் பகுதியும் புதிது. பாட்டு சி சுருதி. சாக்ஸபோன் நுழையும்போது அடியில் இருக்கும் கோர்ட் எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவிவிடும். சியிலிருந்து போகக்கூடிய ஆகத் தொலைவான இடம் அதுதான். சாம் அண்ட் டேவ் என்ற இரட்டைப் பாடகர்களின் பாட்டொன்றிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதி அது. ஒட்டு தெரியாததற்குக் காரணம், மீண்டும் சிக்குக் கொண்டுவரும் ஜி கோர்டைச் சரியான இடத்தில் வைத்திருப்பது. ஜூனில் இரண்டு கிழமை அமெரிக்கப் பட்டியலில் முதலிடம்.

1972 ஜனவரி 13, 14 இரவுகளில் லொஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், நியூ டெம்பிள் மிஷனரி பப்டிஸ்ற் ஆலயத்தில் ‘அமேசிங் கிரேஸ்’ பதிவு நடந்தது. கிளீவ்லண்டின் பாடகர் குழு, டிரம்மில் பெர்னார்ட் பேர்டி, பேஸில் சக் ரெய்னி. தலைப்புப் பாட்டு மட்டுமே பத்து நிமிடத்துக்கு மேல். பாடும்போது கிளீவ்லண்ட் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இசைத்தட்டு இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த இரவுகளை இயக்குநர் சிட்னி பொலக் எடுத்த படமோ நாற்பத்தாறு வருடம் பெட்டியில் கிடந்தது.

காரணம் ஒரு மரப்பலகை. ஒலி தனி நாடாவில், படம் 16 மில்லிமீற்றர் பிலிமில். ஒவ்வொரு கமெரா ஓடத் தொடங்கும்போதும் கிளாப் பலகையைத் தட்டினால்தான், அந்தச் சத்தத்தையும் பலகை மூடும் படத்தையும் வைத்து இரண்டையும் பொருத்தலாம். தட்டவில்லை. கமெராக்கள் நின்று நின்று ஓடியதால் ஏறக்குறைய இருபது மணித்தியாலப் பிலிம் அடையாளமில்லாத துண்டுகளாகிவிட்டது. ஒரு செக்கனுக்கு 24 படம். நாலைந்து படம் தவறினாலும் வாய் வேறு பாட்டு வேறாகத் தெரியும். அதிலும் அரீத்தா ஒரே எழுத்தைப் பத்துச் சுரத்துக்கு இழுப்பவர். உதடு அசையாமலே பாட்டு ஓடும்போது கண்ணால் பார்த்துப் பொருத்துவது என்ன பாடாக இருந்திருக்கும்! கணினி வந்தபின் தயாரிப்பாளர் அலன் எலியட் பொருத்தி முடித்தார். அரீத்தா வழக்குப் போட்டுத் தடுத்தார். 2018 ஓகஸ்ட் 16 அன்று அவர் டெட்ரோயிட்டில் காலமான பிறகே, அந்த நவம்பரில் படம் திரைக்கு வந்தது.

பார்ப்பவர்கள் இரண்டாம் இரவின் முடிவுக்குக் காத்திருங்கள். அதுவரை பெரும்பாலும் பிரசங்க மேடையில் நின்று பாடியவர், ‘நெவர் குரோ ஓல்ட்’ பாடப் பியானோவில் அமர்கிறார். 1956இல் பதினாலு வயதில் தகப்பனின் சபையில் பதிந்த அதே பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை சொற்களை விட்டுவிட்டு, இடக்கையை மட்டும்.