குடல் புற்றுநோய் ஆபரேஷன்: எதற்குப் பயப்பட வேண்டும்?

பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் என்றதும் வீட்டில் முதலில் கேட்பது, "இந்த வயசுல தாங்குமா?" என்றுதான். வயது ஒரு காரணம்தான். ஆனால் குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில், திட்டமிட்டுச் செய்வதைவிட உயிரிழப்பு பல மடங்கு அதிகம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் மலத்தில் ரத்தம் போனால் 'மூலம்தான்' என்று மாதக்கணக்கில் மருந்து வாங்கித் தின்றுவிட்டு, வயிறு உப்பிய பிறகு ராத்திரியில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவது இதனால்தான் ஆபத்து.

அடுத்தது, குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு. பெரும்பாலும் 5 முதல் 7ஆம் நாளுக்குள் தெரியவரும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் தையல் ஆறச் சிரமம். பீடி, சிகரெட் குடலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். 4 வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரை, ரத்தசோகை இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்யலாம்.

கசிவில் காய்ச்சலுக்கு முன்பே நாடி வேகமாகலாம். நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டி இறங்காமலே இருந்தால், வயிறு இறுகினால், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 3, 4ஆம் நாளில் சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 150க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

"அசையாமப் படு" என்று அதட்டும் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புங்கள். மறுநாளே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைச் சிலருக்கு 28 நாள் வரை, வீட்டுக்குப் போன பிறகும் போடச் சொல்வார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, காலை வரை காத்திருக்காதீர்கள்.