4,500-ஐத் தாண்டாமல் ஒரு மாதம்

பிப்ரவரி 6

தம்பி நேற்று கப்பலுக்குக் கிளம்பிவிட்டான். அவனுடைய புத்தம்புது பிஎம்டபிள்யூ எம்340ஐ கார் இப்போது தண்டையார்பேட்டையில் என் பொறுப்பில். வாங்கும்போது ஷோரூம் விலையே 75 லட்சத்துக்குப் பக்கம், அதற்கு மேல் 20 சதவீதம் சாலை வரி, அந்த வரிக் காசில் இன்னொரு நல்ல செடான் வாங்கியிருக்கலாம். அவ்வளவு வரி கட்டிய வண்டி முதலில் இறங்கிய சாலை எங்கள் தெரு. பாதாளச் சாக்கடை மூடி தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது.

கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனான்: “2,000 கிலோமீட்டர் வரைக்கும் 4,500 ஆர்பிஎம் தாண்ட வேணாம்ண்ணா, ஆக்சிலரேட்டரைத் தரையோட அமுக்கவும் வேணாம்.” ஆர்பிஎம் என்றால் இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றுகிற சுற்றுகள். புது வண்டி பழகும்வரை அதை அடக்கி வைக்க வேண்டும், கையேட்டிலும் அதுதான் இருக்கிறது. டயர் பழக 300 கிலோமீட்டர், பிரேக் பேடு பழக 500, அதுவரை அடக்கி வாசிக்க வேண்டும். 374 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.4 வினாடி என்று ஊரெல்லாம் பேசுகிற வண்டி, சரி, பேசிக்கொண்டே இருக்கட்டும்.

பிப்ரவரி 8

திருவொற்றியூர் நெடுஞ்சாலை, காலை ஒன்பது மணி. முன்னால் ஷேர் ஆட்டோ, பக்கத்தில் மாநகரப் பேருந்து, நடுவில் கிடைத்த சந்தில் எல்லாம் பைக். இவ்வளவு பலமான இன்ஜின் ஊர்ந்து போகும்போது முரண்டு பிடிக்கும், வெட்டி வெட்டி இழுக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். அப்படி எதுவும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மெதுவாக நகர்கிறது, வைத்தால் நிற்கிறது, அவ்வளவுதான்.

மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், ஆறும் ஒரே வரிசையில். இந்த அமைப்பில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதில் எழும் அதிர்வுகள் ஒன்றையொன்று இல்லாமல் ஆக்கிவிடும். பெரிய நாலு சிலிண்டர் இன்ஜினில் அதிர்வை அடக்கத் தனியாக பேலன்சர் தண்டு வைப்பார்கள், இதற்கு அது தேவையில்லை. சிக்னலில் நின்றபோது பேப்பர் கப்பில் இருந்த டீயைப் பார்த்தேன், மேலே படிந்த ஆடைகூடக் கலையவில்லை.

வேகத்தடைதான் பயம். யாரோ மீந்துபோன சிமெண்டைக் கொட்டி எழுப்பிய மாதிரி ஒன்று காசிமேடு பக்கம் இருக்கிறது. குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் ஹாரன் அடிக்காமல் பொறுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு சோழவரம். எண்ணூர் அசோக் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வண்டி என்றால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்.

“இன்னாடா, கியர் மாத்துதா இல்லியா?”

“மாத்துது பெரியப்பா. எட்டு கியர்.”

“எட்டா? லாரிக்குத்தாண்டா அவ்ளோ வேணும்.”

சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைக்கும்வரை இங்கேதான் பந்தயம் நடத்தியது. பெரியப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பார்த்திருக்கிறார். யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை, பந்தய பைக்குகளில் ஊற்றும் ஆமணக்கெண்ணெய் எரிகிற நெடி மட்டும் அப்படியே இருக்கிறதாம். இறங்கி இந்த வண்டியின் புகைக்குழாய் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். “ஒண்ணுமே வரலியேடா” என்றார். பாராட்டா குறையா தெரியவில்லை.

பிப்ரவரி 15

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நிற்கின்றன. நாற்பது அடி டிரெய்லர் ஒன்று நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டது, காலை லேசாக அழுத்தினேன், கியர்பாக்ஸ் இரண்டு படி இறங்கியது, நான் ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் டிரெய்லர் பின்னால் போயிருந்தது. ஆர்பிஎம் 3,000-ஐக்கூடத் தொடவில்லை. விஷயம் இதுதான்: 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், 1,900 ஆர்பிஎம்மிலிருந்து 5,000 வரை சமமாகக் கிடைக்கிறது, உச்ச குதிரைத்திறன் வருவதோ 5,500-க்கு மேல். தம்பி போட்ட 4,500 தடையில் நான் இழந்தது மேல்தட்டு மட்டும்தான். லேன் மாறவும் லாரியைத் தாண்டவும் வேண்டியது முழுக்கக் கீழேயே இருக்கிறது. 4.4 வினாடியைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

பழகும் காலத்தில் ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்கிறார்கள். மணலி ரோட்டில் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிப்ரவரி 23

உப்புக்காற்றும் சாம்பல் தூசியும். நீல பிரேக் காலிப்பர் சாம்பல் நிறமாகிவிட்டது. ஊருக்குள் லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர்.

மார்ச் 9, ஞாயிறு

நெல்லூர் போய் வந்ததில் 2,000 முடிந்தது. விடியற்காலை வெளிவட்டச் சாலை, மீஞ்சூர் முனை, ஸ்போர்ட் மோடு. அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது முதல் தடவையாக முழுசாக அழுத்தினேன். வண்டியின் பின்பக்கம் அமுங்கியது, நாலு சக்கரமும் இழுப்பதால் எங்கேயும் வழுக்கல் இல்லை, 4,500 தாண்டியதும் அதுவரை முனகிக்கொண்டிருந்த இன்ஜின் தொண்டையைத் திறந்து கத்தியது. வயிறு பின்னுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சத்தியமாகச் சிரித்துவிட்டேன். நாலைந்து வினாடிதான், அதற்குமேல் சட்டமும் இடம் தராது, சாலையும் தராது.

ஏனென்றால் அங்கேயே எதிர்த்திசையில் ஒரு பைக் வந்தது, ஹேண்டிலில் இரண்டு பால் கேன். பிரேக்கை மிதித்தேன். மூக்கு குத்தாமல், ஸ்டியரிங் நடுங்காமல், என் கால் கேட்ட அளவுக்கு மட்டும் வேகம் இறங்கியது. பால்காரர் என்னை ஏறிட்டும் பார்க்காமல் ஓரமாகப் போய்விட்டார். எனக்குக் கைதான் கொஞ்ச நேரம் படபடவென்று இருந்தது. இந்த வண்டிக்குக் காசு கொடுத்தது எதற்கு என்று யாராவது கேட்டால் நான் பிரேக்கைத்தான் காட்டுவேன்.

கப்பலில் நெட் கிடைக்கும்போதெல்லாம் தம்பி ஆப்பில் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பான். மீஞ்சூரைப் பார்த்ததும் மெசேஜ் வந்தது: “தாண்டிட்டியாண்ணா?” பிரேக் பற்றி நீளமாக எழுதி அனுப்பினேன். “அது கிடக்கட்டும், ஸ்போர்ட் பிளஸ் போட்டியா?” என்கிறான். இல்லைடா, ஸ்போர்ட்டைவிட முரட்டான அந்த மோடை நீயே வந்து போட்டுக்கொள்.