வளைவாள் குறியிட்ட மலைச் சீட்டு

மேஜிக்: தி கேதரிங் என்னும் சீட்டு விளையாட்டின் சேகரிப்பாளர்களிடையே 'அராபியன் நைட்ஸ்' தொகுப்பின் பெயர் எழுந்துவிட்டால், பேச்சு உடனே விலையில் போய் நிற்கும். எனக்கோ அத்தொகுப்பில் மிகவும் பிடித்தது, எந்தத் தனி ஆற்றலும் இல்லாமல், தவறுதலாக உள்ளே வந்துவிட்ட சாதாரண மலைச் சீட்டுதான்.

1993 ஆகஸ்டில் வெளியான இவ்விளையாட்டுக்கு, அதே ஆண்டு டிசம்பரிலேயே வந்த முதல் விரிவாக்கத் தொகுப்பு இது. விளையாட்டை உருவாக்கிய கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்டே ஆயிரத்தொரு இரவுகள் கதைகளிலிருந்து இதையும் வடிவமைத்தார். பாக்கெட்டுக்கு எட்டுச் சீட்டு. மொத்தம் 78 வகை. புதிய தொகுப்பு ஒவ்வொன்றும் தனி விளையாட்டாகவும் நிற்க வேண்டும், பழைய சீட்டுகளோடு கலப்பதும் கலக்காததும் ஆடுபவர் விருப்பம் என்பதே அவருடைய முதல் எண்ணம். ஆகவே இச்சீட்டுகளின் பின்புறம் வேறு நிறத்தில் அமைவதாக இருந்தது.

பின்புறம் வேறுபட்டால், கலைத்துக் கவிழ்த்து வைத்த கட்டின் மேலே எந்தத் தொகுப்பின் சீட்டு இருக்கிறது என்பது எதிரில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். கலந்து ஆட விரும்புவோருக்கு அது பெரும் இடையூறு. அச்சுக்குப் போகும் தறுவாயில் அந்த எண்ணம் கைவிடப்பட்டு, பழைய பின்புறமே நிலைத்தது. தொகுப்பை அடையாளம் காட்ட முன்புறத்தில் சிறிய வளைவாள் ஒன்று பொறிக்கப்பட்டது. பிற்கால விரிவாக்கத் தொகுப்புகள் தாங்கிவரும் தொகுப்புக் குறி அவ்வாறு பிறந்ததே. மற்றச் சீட்டுகளை இறக்கத் தேவையான சக்தியைத் தருபவை மலை போன்ற அடிப்படை நிலச் சீட்டுகள். தனியாக ஆடுவதற்கென்று சேர்த்திருந்த அவையும் தேவையற்றுப்போய் நீக்கப்பட்டன. அப்போது கண்ணில் படாமல் தப்பியது ஒரு மலை.

நான் இம்மலையைப் பார்க்கும்போதெல்லாம், கைவிடப்பட்ட அந்த முதல் திட்டத்தின் மிச்சமாகவே பார்க்கிறேன். 'சிட்டி இன் எ பாட்டில்' என்னும் சீட்டும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அது களத்தில் இருக்கும்வரை வேறு அராபியன் நைட்ஸ் சீட்டுகள் எவையும் அங்கே தங்க முடியாது. தன் தொகுப்பையே குப்பிக்குள் அடைத்துவிடும் சீட்டு! கலந்து ஆட விரும்பாதவருக்கென்று கார்ஃபீல்ட் வைத்த தாழ்ப்பாளாக இதை நான் படிக்கிறேன்.

ஆனால் அவருடைய கைவண்ணம் முழுமையாகத் தெரிவது, ஆயிரத்தொரு இரவுகளின் கதைசொல்லியின் பெயர் தாங்கிய 'ஷஹ்ரஸாத்' சீட்டில்தான். அதை இறக்கியதும் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, இருவரும் தத்தம் சீட்டுக்கட்டுகளில் மீதமிருக்கும் சீட்டுகளைக் கொண்டு புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும். அதில் தோற்றவர் பழைய ஆட்டத்துக்குத் திரும்பும்போது தம் உயிர்ப்புள்ளிகளில் பாதியை இழப்பார். கதைக்குள் கதை சொல்லிப் பொழுதை நீட்டியவளின் தந்திரத்தை ஒரு வரிகூட விவரிக்காமல், விதியாகவே மாற்றிவிட்டார். பொழுது நீள்வதுதான் சிக்கலும்: 2007இல் போட்டி ஆட்டங்களில் இச்சீட்டு தடைசெய்யப்பட்டது. இரண்டு சீட்டு எடுத்து மூன்றைக் கழிக்கச் சொல்லும் 'பஜார் ஆஃப் பாக்தாத்', பார்வைக்கு நட்ட வியாபாரம். கழித்த சீட்டுகளிலிருந்தே பயன்பெறும் கட்டுகள் பின்னாளில் வந்தபோது அதன் மதிப்பே வேறாகியது.

குப்பிக்குள் அடைக்கும் சீட்டின் இன்றைய விதி, வளைவாள் குறியைப் பார்ப்பதில்லை. ஒரு பெயர் முதன்முதலில் எந்தத் தொகுப்பில் அச்சானது என்பதையே பார்க்கிறது. எனவே இத்தொகுப்பில் அறிமுகமான 'சிட்டி ஆஃப் பிராஸ்', எத்தனை ஆண்டு கழித்து எந்த மறுபதிப்பில் வந்திருந்தாலும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். வளைவாளைத் தாங்கியிருக்கும் மலையோ, அப்பெயர் ஆகஸ்டு மாதத்து முதல் பதிப்பிலேயே வந்துவிட்டது என்பதால், அசையாமல் களத்தில் நிற்கும்.