'லா கிரான் ஃபூகா' இசைத்தட்டு உறையில் 9 அங்குல சீம் ஸ்பிளிட் (ஒட்டு ஓரப் பிளவு): மூன்றாவது தடவைதான் வழிக்கு வந்தது

சல்சா இசைக்கலைஞர் வில்லி கொலோனின் 'லா கிரான் ஃபூகா' இசைத்தட்டின் உறை ஒருவழியாக ஒட்டிவிட்டது. எஃப்.பி.ஐ.யின் 'தேடப்படுகிறார்' நோட்டீஸைக் கிண்டலடித்து, ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக இஸ்ஸி சனாப்ரியா வடிவமைத்த அந்த உறைதான். வெள்ளைப் பரப்பு என்பதால் எந்தத் தவறும் ஒளியாது. அச்சுத்தாளுக்கு அடியில் இருப்பது பழைய அமில அட்டை. ஈரம் கொஞ்சம் கூடினாலும் அட்டையின் பழுப்பு ஊறி வந்து கோடு கட்டிவிடும்.

முதல் தடவை மைதாப் பசை. சுவர் போஸ்டருக்குச் சரி, இதற்கு ஆகாது. குளுட்டன் இருப்பதால் நாளாக ஆகப் பழுக்கும், பூச்சியும் தேடி வரும். நல்லவேளை, ஈரப்பஞ்சு வைத்ததும் இளகி வந்துவிட்டது. ஃபெவிகாலாக இருந்திருந்தால் அட்டையையும் பிய்த்துக்கொண்டுதான் வந்திருக்கும்.

இப்போது குளுட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச். ஒரு பங்குக்கு 5 பங்கு தண்ணீர். 20 நிமிடம் கிண்டிக் காய்ச்சி, ஆறியதும் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து எடுத்தது. அதோடு சரிபாதி மீதைல் செல்லுலோஸ் என்ற மெதுவாகப் பிடிக்கும் பசை (100 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் தூள்). தனி ஸ்டார்ச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கலவையில் தாளை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கிறது.

உயிரை எடுத்தது, பிளவுக்கு உள்பக்கமாக ஒட்டும் ஜப்பானியத் தாளை (மெல்லிய, நீள நார்த் தாள்) உள்ளே கொண்டுபோவதுதான். இரண்டாம் தடவை 9 அங்குலத்தையும் ஒரே பட்டையாக விட்டதில், பாதி வழியிலேயே உட்சுவரில் ஒட்டிச் சுருண்டுகொண்டது. இப்போது 15 மி.மீ. அகலத்தில் 3 அங்குலத் துண்டுகள் மூன்று. கத்தரிக்கோல் கூடாது. தூரிகையால் தண்ணீர்க் கோடு இழுத்துக் கையால் கிழித்தால் ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும். அதனால் வெளியே மேடு தெரியாது. பசை தடவியதும் ஒரு நிமிடம் விட்டு, உறிஞ்சுதாளில் ஒற்றிப் பளபளப்பு போனபிறகே எடுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் அச்சுத்தாள் கொப்புளிக்கும்.

பிறகு 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பில் பசை ஒட்டாத சிலிக்கோன் தாளைச் சுற்றி, அதன்மேல் பட்டையைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி 'வி' போல மடித்து மாட்டி, உறை வாயை அகல விரித்துப் பிடித்து, சீம் வரை தள்ளி, வெளியிலிருந்து விரலால் அழுத்த வேண்டும். ஸ்கேலைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், நேராகப் பின்னோக்கி உருவுங்கள். உடனே மடிப்புக்குள் மைலார் (பாலியெஸ்டர் படலம்) துண்டு. இல்லாவிட்டால் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொள்ளும். 15 நிமிடத்தில் உறிஞ்சுதாளை மாற்றி, மேலே கனமான புத்தகங்கள்.

விற்பவர்கள் 'வி.ஜி. பிளஸ்' (மிக நல்ல நிலைக்கும் ஒரு படி மேல்) என்று போடுவது பெரும்பாலும் தட்டுக்குத்தான், உறைக்கு அல்ல. வாங்கும் முன், தட்டை வெளியே எடுத்துவிட்டு உறையின் கீழ் ஓரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டிய உறைக்குள் தட்டைத் திரும்பச் செருக வேண்டாம். பாலித்தீன் கவரில் உறைக்குப் பின்னால் வையுங்கள். பி.வி.சி. கவர் வேண்டவே வேண்டாம், வினைலில் மங்கல் படியும்.

அடுத்து கொலம்பியாவின் டிஸ்கோஸ் ஃபுவென்டெஸ் நிறுவனம் வெளியிடும் '14 கான்யோனாசோஸ் பைலாப்லெஸ்' வரிசை. 1961லிருந்து ஆண்டுக்கொன்று வரும் நடனத் தொகுப்பு. கையில் உள்ள இரண்டிலும் விலைச் சீட்டின் பசை இறுகிக் கிடக்கிறது. அதை இளக்க லைட்டர் பெட்ரோலை முதலில் பின்பக்க மூலையில் சோதிக்க வேண்டும். கொலோன் உறையின் முதுகுப் பிளவு இன்னும் பாக்கி. புத்தகங்களை நாளைக்குத்தான் எடுக்கலாம்.