அரைக்காசு அம்மன் ஆண்ட சமஸ்தானம்

புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் திருக்கோகர்ணத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. ஊரை ஒட்டியே இருக்கிறது. பாறையைக் குடைந்த கருவறையில் கோகர்ணேசுவரர். பக்கத்துப் பாறையில் பிள்ளையாரும் கங்காதரரும். தலமரம் மகிழம். எல்லாம் அழகுதான், ஆனாலும் நான் வெகுநேரம் நின்றது பிரகதாம்பாள் சன்னிதியில். எங்கள் வீட்டில் சாவி தொலைந்தாலும் நகை தொலைந்தாலும் இவளுக்குத்தான் வெல்லம் வேண்டிக்கொள்வோம். அரைக்காசு அம்மன் இவளேதான்.

புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அரசர்களுக்கு இவள் குலதெய்வம். தங்கள் பெயருக்கு முன்னால் 'பிரகதாம்பாள் தாஸ்' என்று போட்டுக்கொண்டார்கள். 1738-இல் விஜயரகுநாதத் தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரர் என்ற துறவியைக் கண்டார் என்பார்கள். மௌன விரதத்தில் இருந்த அவர் மணலில் எழுதியே உபதேசித்தாராம். அந்த மணலை அரசர் அள்ளி வந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தார். நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசும் தானம் தருகிற வழக்கம் அப்படி வந்ததுதான்.

சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒருபுறம் அமர்ந்த அம்மன், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. ஓர் அணாவுக்கு 20 காசு. வெள்ளைக்காரன் காலத்தில் இது ஓடியது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பின்னாளில் இயந்திரத்தில் அச்சடித்தபோதும் அதில் விக்டோரியா முகம் ஏறவில்லை, அம்மனே இருந்தாள்.

கிழக்கிந்தியக் கும்பினியோடு இந்த அரசர்கள் வைத்திருந்த நட்பை மறைக்க வேண்டியதில்லை. 1799-இல் கட்டபொம்மன் பிடிபட்டது இந்தச் சீமையில்தான். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்காக 1806-இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலமும் தொண்டைமானுக்கு உறுதியாயின. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்று பேச்சு. அந்த யானை போகவே இல்லை, 1836-இல் அதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்! சரி, அந்த நட்பால் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் தனி சமஸ்தானமாக நிலைத்தது புதுக்கோட்டை மட்டும்தான். 1878-இல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி குளங்களைச் சீர்படுத்தி, தெருக்களை நேராக்கினார். இன்றும் ஊருக்குள் நடந்தால் அது தெரிகிறது.

1948 மார்ச் 3-ஆம் தேதி ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். அப்புறம் அது திருச்சி மாவட்டத்தில் சேர்ந்து, 1974-இல் தனி மாவட்டமானது. பிற்கால அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. தரிசனம் முடிந்ததும் திருக்கோகர்ணத்திலேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். 1910-இல் சமஸ்தானம் தொடங்கி வைத்தது அது.